வண்டிக் கொட்டகையின் குறுக்குச் சுவர்

தெருவில் நின்று பார்த்தால் அந்தக் கட்டடம் தெரியாது. தெரிவது முன்வீடுதான்: இரண்டு மாடி, ஆறு தூண், யாரும் நின்று வேடிக்கை பார்த்திராத ஒரு பால்கனி. அதன் பக்கவாட்டில், ஒரு வண்டி நுழையும் அகலத்துக்குச் சந்து ஒன்று உள்ளே போகிறது. சந்தின் முனைகளில் முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் நட்டிருக்கிறார்கள், வண்டிச் சக்கரத்தின் நடுவில் புடைத்த குடம் சுவரைச் சிராய்க்காமல் இருப்பதற்காக. சுவருக்கு வந்த அடியையெல்லாம் வாங்கி வாங்கி, கல்லின் ஒரு பக்கம் வழவழப்பாகிவிட்டது. சந்து முடிகிற இடத்தில் முற்றம். முற்றத்தின் கடைசியில், நீளவாக்கில், வண்டிக் கொட்டகை.

முன்வீடு எழுந்த காலத்திலேயே, நூற்று நாற்பது வருடத்துக்கு முன், இதையும் கட்டியிருக்கிறார்கள். செங்கல்லைப் பார்த்தாலே தெரியும். முன்வீட்டுக்கு நேரான கல்லாகப் பொறுக்கியெடுத்தது போக, கொஞ்சம் வளைந்தது, கொஞ்சம் கூடுதலாக வெந்தது எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வெளி அளவு நாற்பத்திரண்டு அடிக்கு இருபது. சுவர் ஒன்றரை அடி கனம். முற்றத்தைப் பார்த்து வளைவு வைத்த இரண்டு வாசல்கள், ஒவ்வொன்றும் ஒன்பது அடி. காற்றுக்கு, ஆள் உயரத்துக்கு மேலே, கை நுழையும் அளவில் நீளத் துவாரங்கள். வேர்த்து வந்து நிற்கிற குதிரையின் மேல் நேராகக் காற்று படக்கூடாது என்று அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஓட்டுக்கூரையின் பாரம் முழுவதையும் நான்கு மரச் சட்டகங்கள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கடத்துகின்றன. கூரையின் கடைசி மூன்றிலொரு பாகத்துக்குக் கீழே, புல்லுக்கட்டு போட ஒரு பரண்.

அந்தப் பரணிலும் அதன் அடியிலுமாக அறுபத்து நான்கு வருடம் இருந்தவர் அலமாரியம்மா.

அது அலுவலகத்தில் வைத்த பெயர். நகராட்சியின் கட்டடப் பிரிவில் அவர் முப்பத்தொன்பது வருடம் பிளான் வரைந்தார். பதினெட்டு வயதில், மற்றவர்கள் போட்ட படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடு இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. மற்றவர்களின் தப்பைக் கோடு கோடாக மேலெழுதிப் பழகியதில், எங்கே தப்பு வரும் என்பது கைக்குத் தெரிந்துவிட்டது. பெரும்பாலும் அலமாரிக்குப் பின்னால்தான் வரும். அளவெடுக்கப் போகிறவர்கள், சுவரை மறைத்து அலமாரியோ கட்டிலோ நின்றால், அதன் இரண்டு பக்கமும் டேப்பை வைத்துவிட்டு நடுவே சுவர் நேராகத்தான் போகும் என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். அங்கேதான் அடைத்த ஜன்னல் இருக்கும், வெடிப்பு இருக்கும், பிறகு கட்டியது பழையதோடு சேருமிடம் இருக்கும். அலமாரியம்மா படத்தைப் பார்த்ததும் கேட்பார். "அலமாரிக்குப் பின்னாடி பாத்தீங்களா?" பார்க்கவில்லை என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். அவர் நடந்து வந்தாலே, "அலமாரியம்மா வர்றாங்க, சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வை, அதுக்குப் பின்னாடியும் அளப்பாங்க" என்று யாராவது முணுமுணுப்பார்கள். அது அவர் காதிலும் விழும். விழாத மாதிரி போய்விடுவார்.

அளவெடுக்கிற ஒருவருக்கு நான்கு வருடம் டேப்பின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார். ஐந்தாம் வருடம் அவர் கல்யாணம் பற்றிக் கேட்டார். நடக்க முடியாத அம்மாவை விட்டுவிட்டு வர முடியாது என்று இவர் சொன்னார். அந்த மனிதர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இவர் டேப்பின் முனையை ஆணியில் மாட்டி அளக்கப் பழகிக்கொண்டார்.

அப்பா முன்வீட்டுக்காரரின் கார் டிரைவர். குதிரைகள் போய் கார் வந்தபோது, காரோடு டிரைவரும் கொட்டகைக்குள் வந்து சேர்ந்தார். கார் கீழே, டிரைவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பரணில். பரணுக்கு ஏணிதான். ஒருநாள் அம்மா தண்ணீர்க் குடத்தோடு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவரால் ஏணியில் ஏற முடியவில்லை. பரணுக்கு அடியில் இருந்த இடத்தைச் சுவர் வைத்துத் தடுத்துக்கொள்ளலாம் என்று முன்வீட்டுப் பெரியவர் அனுமதித்தார். சிமெண்டு வாங்க அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த காலம், சீட்டெல்லாம் டிரைவருக்குக் கிடைக்காது. அந்த வருடம்தான் முன்வீட்டின் பின்மதில் மழையில் சரிந்திருந்தது. அதன் செங்கல் கேட்பாரற்றுக் கிடந்தது. பூச்சு வேலைக்காகச் சுண்ணாம்பு நீற்றிய குழியும் முற்றத்தில் மூடாமல் இருந்தது. அப்பா ஐந்து வாரம், காரைத் துடைத்து நிறுத்திய பிறகு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர் வைத்தார். தூக்குக் குண்டுக்குப் பதிலாகக் காரின் நட்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டார். முதல் ஆறு வரிசை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பிரித்துப்போட்டு மறுபடி ஆரம்பித்தார். ஏழு வயது மகள் செங்கல்லை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நனைத்து எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்பது அங்குலக் குறுக்குச் சுவர். அதற்கு இந்தப் பக்கம் இருபத்தாறு அடிக் கூடம், அந்தப் பக்கம் பன்னிரண்டே கால் அடியில் ஓர் அறை. அந்த அறையில்தான் அம்மா இருபத்தொன்பது வருடம் படுத்து, அங்கேயே இறந்தார். அவருக்கு முன்பே அப்பா போய்விட்டார். அண்ணன் இருபது வயதில் வேலைக்காக வேறு நகரத்துக்குப் போனவர், அங்கேயே வேர்விட்டுவிட்டார். அலமாரியம்மா பணியிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது.

ஓய்வுக்குப் பிறகு அவர் நாளின் நீளம் கூடிவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது. தேடி வருகிற ஒருவரிருவரும் முன்வீட்டு மணியை அடித்துப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று போய்விடுவார்கள். முன்வீட்டிலும் யாரும் இல்லை. பெரியவரின் பேரன் வெளியூரில் இருக்கிறார். அறையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் செய்தித்தாள் உட்கார்ந்திருக்கும். சில நாட்கள் மாலையில்தான், அன்று முழுவதும் வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். தொண்டையைச் செருமிப் பார்ப்பார். குரல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

இப்படி இருக்கையில், பேரன் முன்வீட்டை விடுதியாக மாற்றவும், கார்கள் நிறுத்தக் கொட்டகையை இடிக்கவும் நகராட்சியில் மனு போட்டார். நூறு வருடம் தாண்டிய கட்டடத்தை இடிப்பதென்றால் பழங்கட்டடப் பிரிவு வந்து பார்க்க வேண்டும். அதன் அதிகாரி ஒரு காலையில் டேப்பும், கூட ஒரு கொத்தனாருமாக வந்தார். அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கொத்தனாருக்கு ஐம்பதுக்கு மேல். பழைய சுவர்களைத் தட்டிப் பார்த்தே வயது சொல்லுகிறவர் என்று பேர்.

"நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு தெரியாது மேடம்" என்றார் அதிகாரி. "எங்க சீனியரெல்லாம் இன்னும் உங்களைச் சொல்லிப் பயமுறுத்துவாங்க."

"பயந்தீங்களா?"

"அலமாரியைக் கண்டா கொஞ்சம்."

கூடத்தைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் மலர்ந்தது. இந்த நகரத்தில் வண்டிக் கொட்டகை என்று மிஞ்சியிருந்தவை கடையாகவும் கிடங்காகவும் ஆகிவிட்டன. சட்டகமும் தரையும் வாசலும் அப்படியே இருப்பது இது ஒன்றுதான். இதை இடிக்க விடமாட்டோம், பட்டியலில் சேர்த்துவிடுவோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விதியைச் சொன்னார். பட்டியலில் சேர்ந்த கட்டடத்தில் பிற்காலத்தில் சேர்த்ததையெல்லாம் எடுத்துவிட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே ஆள் குடியிருந்த பகுதி என்று ஏதாவது இருந்தால் மட்டும், இப்போது இருப்பவர் இருக்கலாம்.

"அப்ப இந்த அறை எந்தக் காலத்துதுன்னு பாக்கணும். நீங்க பாருங்கண்ணே."

கொத்தனார் குறுக்குச் சுவரின் நடுவில், ஒரு ஜாண் அளவுக்குப் பூச்சைப் பெயர்த்தார். உள்ளே மெல்லிய பழைய செங்கல், வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து. நகத்தால் சுரண்டி, விரலில் தேய்த்துப் பார்த்தார். கரண்டியின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நூறு வருஷத்துக்குக் குறையாது. சிமெண்டோட நிழல்கூடப் படல. இது அந்தக் காலத்து ஆளு கட்டினது."

அதிகாரிக்குச் சந்தோஷம். "குதிரைக்காரர் அறை. அப்படித்தான் இருக்கணும். குதிரையைத் தனியா விட்டுட்டு ராத்திரி எங்க போவாங்க?" வேகவேகமாக அளந்தார். குறுக்குச் சுவரின் ஒரு முனையில் கதவு, நிலைச்சட்டம் பழைய சுவரை ஒட்டியே நிற்கிறது. மறுமுனையில், மூலையை மறைத்துக்கொண்டு அம்மாவின் மர அலமாரி. அதிகாரி அலமாரியைப் பார்த்தார், அலமாரியம்மாவைப் பார்த்தார், சிரித்தார். "பெரிய கனமா இருக்கும் போல" என்று சொல்லி, இரண்டு பக்கமும் டேப்பை வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டார்.

அலமாரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாரா என்பதும் அவருக்கே நிச்சயமில்லை. பல வருடத்துக்குப் பிறகு அந்த அறையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் நின்றிருந்தார்கள். யாரோ அவர் இங்கேயே இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அந்தப் பக்கம் ஓடிய மனசு, டேப் பக்கம் திரும்ப நேரமாகிவிட்டது.

மூன்றாம் நாள் பிளான் வந்தது. கூடவே ஒரு தாள்: இந்த இடத்தைப் பற்றித் தாம் அறிந்தவரை படத்தில் உள்ளது சரி என்று குடியிருப்பவர் கையெழுத்திட வேண்டும். ஒரு வாரம் தவணை.

மேஜையில் விரித்து வைத்தார். பிளானில் கறுப்பு என்றால் பழையது, நிற்க வேண்டியது. சிவப்பு, புதிதாக வரப்போவது. மஞ்சள், எடுத்துவிட வேண்டியது. அந்தத் தாளில் மஞ்சள் இரண்டே இடத்தில்தான் இருந்தது: குளியலறைத் தடுப்பு, கூடத்தில் கார்ச் சாமான் வைக்கக் கட்டிய ஒரு மேடை. குறுக்குச் சுவர் கெட்டிக் கறுப்பில் இருந்தது. பக்கத்தில் அழகான எழுத்தில், குதிரைக்காரர் அறை. அலமாரி இருந்த மூலையில் குறுக்குச் சுவரும் பின்சுவரும் ஒரே உடம்பாகப் பிணைந்திருப்பதாக வரைந்திருந்தார்கள்.

அவருக்குத் தெரியும், அங்கே பிணைப்புக் கிடையாது. பழைய சுவரோடு புதுச் சுவரைச் சேர்க்கும்போது, கொத்தனார் பழையதில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பல் வெட்டி, புதுச் செங்கல்லின் தலையை அதற்குள் நுழைப்பார். அப்பா கொத்தனார் இல்லை. பழைய சுவர் வரைக்கும் கல்லை அடுக்கிக்கொண்டே போய், அதில் முட்டியதும் நிறுத்திவிட்டார்.

கையெழுத்துப் போட்டால் இந்த அறை இருக்கும். படுக்கை, அடுப்பு, துவாரம் வழியாக வந்து காலை ஏழரைக்கு அலமாரிக் கதவில் விழுகிற வெளிச்சம் எல்லாம் இருக்கும். உண்மையைச் சொன்னால் கட்டடம் தப்பிக்கும். தனக்குத்தான் இடம் இல்லை. அறுபத்து நான்கு வயதில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் வாடகைக்கு அறை தேட வேண்டியதுதான்.

முதல் இரண்டு நாள் அதில் குழப்பமே இல்லை என்று நினைத்தார். யாருக்கு நஷ்டம்? பேரனால் எப்படியும் இடிக்க முடியாது. நகராட்சிக்கு ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கிறது. பேனாவைக்கூட எடுத்தார். எடுத்துவிட்டு, மை சரியில்லை என்று வைத்துவிட்டார். மை நன்றாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் மூன்று வயது மூத்தவர்; பேரன் பேத்தி எடுத்தும் தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன பாப்பா, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லண்ணா. நம்ம வீட்டுக் குறுக்குச் சுவர் இருக்கில்ல."

"எந்தச் சுவர்?"

"அம்மா கட்டிலுக்குத் தலைமாட்டுல. அப்பா கட்டினாரே."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை எதற்கோ அழுதது. "அதை அப்பாவா கட்டினாரு? அது எப்பவுமே இருக்கிற சுவருல்ல?"

"அம்மா விழுந்தப்ப உன்னைச் சித்தி வீட்டுல விட்டுருந்தாங்க. நீ திரும்பி வர்றதுக்குள்ள கட்டி முடிச்சுட்டாரு."

"அப்படியா? எனக்கு ஞாபகமே இல்ல. நான் அது குதிரை இருந்த காலத்துலேருந்தே இருக்குன்னு நினைச்சேன்."

அலமாரியம்மா விதியைச் சொன்னார், தாளைச் சொன்னார். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? போட்டுட்டுப் போ. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே. உன்னை எவனாவது கேட்டானா?"

"கேக்கல."

"கேக்காதப்ப சொல்றவங்களை என்னன்னு சொல்றது? அப்பாவே இருந்தாலும் போடுன்னுதான் சொல்லியிருப்பாரு. இங்க வந்து இருன்னா நீ வர மாட்டே. மாட்டேல்ல?"

அந்தக் கடைசிக் கேள்வி கொஞ்சம் அவசரமாக வந்தது. மாட்டேன் என்றார் அலமாரியம்மா. அண்ணனின் மூச்சு லேசாவது போனில் கேட்டது. அதற்காக அவர் கோபப்படவில்லை. அந்த வீட்டில் இரண்டு அறையில் ஏழு பேர்.

போனை வைத்துவிட்டு அம்மாவின் அலமாரிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். இத்தனை வருடமும் அந்தச் சுவர் அப்பா கட்டியது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தார். யார் அந்த எல்லோரும் என்று இப்போது எண்ணிப் பார்த்தார். பெரியவர் இல்லை. அம்மா இல்லை. சித்தி இல்லை. அண்ணனுக்குத் தெரியாது. மிச்சம், தான் ஒருத்திதான். தான் கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து அப்பா அந்தச் சுவரைக் கட்டவில்லை. வேறு யாரோ, நூறு வருடத்துக்கு முந்தைய ஒருவர், கட்டியிருப்பார். அப்பாவின் கையால் இந்த உலகத்தில் நின்ற பொருள் அது ஒன்றுதான். காரை ஓட்டினார், துடைத்தார். அதெல்லாம் அன்றன்றைக்கே முடிந்துபோகிற வேலை.

நிற்கிறவரைக்கும் சுவர் வேறொருவருடையது. அப்பாவுடையதாக ஆனால் நிற்காது. அந்த முடிச்சை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அவிழவில்லை.

வாரக் கடைசியில் அதிகாரியும் கொத்தனாரும் வந்தார்கள். அன்று காலையிலேயே அலமாரியம்மா அலமாரியைக் காலி செய்து, துணிகளைக் கட்டிலில் அடுக்கி வைத்திருந்தார்.

"கையெழுத்து ஆச்சா மேடம்?"

"அளவு ஒண்ணு பாக்கி இருக்கு."

"எங்க?"

அவர் அலமாரியைப் பார்த்தார். அதிகாரி சிரிக்கப் போனவர், சிரிக்கவில்லை. "சுவர் அதுக்குப் பின்னாடி மாறிடவா போகுது?"

"இதைச் சொன்னவங்க எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? பிடிங்க."

மூவருமாகத் தள்ளினார்கள். பின்னால், மற்ற இடமெல்லாம் வெள்ளையாகியும், பழைய நீலப் பூச்சு அப்படியே இருந்தது. மூலையில், தரையிலிருந்து பரண் வரைக்கும், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு வெடிப்பு. கொத்தனார் கரண்டியின் நுனியை அதில் வைத்தார். பாதி வரைக்கும் உள்ளே போனது. இன்னும் கீழே வைத்தார், அங்கேயும் போனது.

"பல்லே இல்லையே" என்றார். கரண்டியை வெளியே இழுத்தார். "பிறந்ததுலேருந்தே பல்லு முளைக்காத சுவரு. யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. நான் யானை இல்ல, ஆனாலும் சறுக்கிட்டேன். கல்லைப் பாத்தேன், சாந்தைப் பாத்தேன், முட்டுற இடத்தைப் பாக்காம விட்டுட்டேன். யாரும்மா கட்டினது?"

"எங்கப்பா. எனக்கு அப்ப ஏழு வயசு. பழைய மதில் கல்லு."

"கொத்தனாரா?"

"டிரைவர்."

"அதான்" என்றார் கொத்தனார். அதில் ஏளனம் இல்லை. கணக்குக்கு விடை கிடைத்த நிம்மதிதான் இருந்தது. டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். இங்கே நடக்கவிருந்த பேச்சு தனக்கில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அதிகாரி செய்தித்தாளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "மேடம், இதை நான் பாக்கல. அலமாரியைத் திரும்பத் தள்ளிடுறேன். கொத்தனார் அண்ணனும் வாயைத் திறக்க மாட்டாரு. கட்டடம் எப்படியும் பிழைச்சுடும். நீங்களும் இருங்களேன்."

"இருந்தா, வெளியில போர்டு வைப்பீங்க. குதிரைக்காரர் அறைன்னு."

"ஆமா."

"பாக்க வர்றவங்களுக்கு அதைப் படிச்சுக் காட்டுவீங்க. நான் உள்ள படுத்துக்கிட்டு அதைக் கேட்டுட்டு இருக்கணும்."

அதிகாரி வெடிப்பின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது இருக்கட்டும். இந்தத் தப்பை இன்னொருத்தர் பிளான்ல பாத்திருந்தா விட்டிருப்பேனா? என் வீடுன்னா மட்டும் விடலாமா?" என்றார் அலமாரியம்மா. பிறகு, அதைவிட மெதுவாக, "அவர் கட்டினதுன்னு தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான் தம்பி. நான் இல்லைன்னு எழுதிட்டா, அப்புறம் இல்லைதான்."

மேஜையில் பென்சில் பெட்டி திறந்திருந்தது. மஞ்சளை எடுத்தார். குறுக்குச் சுவரின் இரண்டு கோட்டுக்கும் நடுவில், அழுத்தாமல், வெளியே சிந்தாமல், கதவு இருந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, மூலை வரைக்கும் பூசினார். மூலையில் பிணைப்பைக் காட்டிய கறுப்புக் கோட்டை அடித்துவிட்டு, முட்டி நிற்கும் கோட்டை வரைந்தார். குதிரைக்காரர் அறை என்பதன் மேல் ஒரு கோடு. அதன் கீழே குறிப்பு எழுதினார்: பிற்காலக் குறுக்குச் சுவர், ஒன்பது அங்குலம், பழைய மதில் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, பிணைப்பு இல்லை. வருடம். கட்டியவர் என்று போட்டு, அப்பாவின் பெயரும் தொழிலும்.

"கட்டினவங்க பேரைப் பிளான்ல எழுதற வழக்கம் இல்லையே மேடம்."

"தெரியாததால எழுதறதில்ல. இதுக்குத் தெரியும்."

அதிகாரி அதை அடிக்கச் சொல்லவில்லை. அலமாரியம்மா கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் பணிமனைக்குப் பின்னால் அறை கிடைத்தது. சாமான் ஒரு வண்டிக்கே போதவில்லை. வண்டியில் இன்னும் பாதி இடம் இருந்தது. அலமாரி மட்டும் அந்த மாடிப்படியில் ஏறாது என்று தெரிந்து, கொத்தனாரிடமே கொடுத்துவிட்டார்.

சுவரை எடுத்த அன்று அலமாரியம்மா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொத்தனார் மேலிருந்து வரிசை வரிசையாகப் பிரித்து இறக்கினார். நடுநடுவே உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"அம்மா, உங்கப்பா சாந்தை அள்ளி அள்ளிப் பூசியிருக்காரு. எங்கிட்ட வேலை பாத்திருந்தா மதியமே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன்."

"முதல்ல ஒரு தடவை சாஞ்சுடுச்சு. பிரிச்சுத் திரும்பக் கட்டினாரு."

"மேல போகப் போகக் கை வந்துடுச்சு. கடைசி பத்து வரிசை நல்லாவே இருக்கு. கொத்தனாரா ஆகுறதுக்குள்ள சுவரு முடிஞ்சுபோச்சு, பாவம்."

அலமாரியம்மா சிரித்தார். அப்பாவைப் பற்றி ஒருவர் சொல்லித் தான் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போட முயன்று, விட்டுவிட்டார்.

சாயங்காலத்துக்குள் சுவர் இல்லை. அறைத் தரைக்காக அப்பா மணலும் கல்லும் போட்டு நிரப்பியதையும் வாரி வெளியே எடுத்தார்கள். அடியில், குளம்பு வழுக்காமல் இருக்கக் கோடு வெட்டிய பழைய செங்கல் தளம். நடுவில் நீர் வடியும் கால்வாய், சுவர் இருந்த இடத்தைக் கவனிக்காமல், நேராகப் போய்க் கடைசிச் சுவரில் முடிந்தது. அதிகாரி அதைப் படமெடுத்தார். பிறகு முழு நீளத்துக்கும் டேப்பை இழுத்தார். அலமாரியம்மா எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தார். முப்பத்தொன்பது அடி. நான்கு சட்டகங்களும் ஒரே பார்வையில் தெரிந்தன. வாசல் வெளிச்சம் கடைசி வரைக்கும் போயிற்று. அவருக்கு அது பெரிய, அழகான, தெரியாத இடமாக இருந்தது.

சாமானோடு காத்திருந்த வண்டிக்காரர் சந்துக்குள் நின்று ஹாரன் அடித்தார். அலமாரியம்மா சாவியை அதிகாரியிடம் கொடுத்தார்.

"இடது கதவை நேராத் தள்ளினா வராது. கொஞ்சம் மேல தூக்கித் தள்ளணும்."

அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"வடக்குக் காத்தோட மழை வந்தா மூணாவது சட்டகத்துக்கிட்ட ஒழுகும். ஓட்டைப் பாத்தா நல்லாதான் இருக்கும். ஓடு இல்ல, அதுக்கு அடியில இருக்கிற ரீப்பர் கட்டைதான் தணிஞ்சிருக்கு."

அதையும் எழுதினார்.

"பரண்ல கடைசிப் பலகைக்கு அடியில அணில் கூடு வைக்கும். வருஷா வருஷம் வைக்கும். தொந்தரவு பண்ணாதீங்க, ஒரு மாசத்துல தானாப் போயிடும்."

அதிகாரி சிரித்துத் தலையசைத்தார். குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்துவிட்டிருந்தார். கொத்தனார் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹாரன் இரண்டாம் முறை கேட்டது. மேற்குத் துவாரத்தைப் பற்றியும், சாயங்காலம் கதவைச் சாத்துகிற நேரத்தில் கூரையிலிருந்து வருகிற ஒரு சத்தத்தைப் பற்றியும், அதற்குப் பயப்பட வேண்டாம், மரம் சூடு ஆறுகிற சத்தம்தான் என்றும், அலமாரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.